அவுட்டோர் காணோம்

முழு ஏ.சி.யை யாரும் திருடுவதில்லை. பாதியைத்தான் திருடுகிறார்கள். அதற்குப் பூட்டை உடைக்க வேண்டாம், பீரோவைத் துழாவ வேண்டாம், வீட்டுக்குள் காலடி வைக்கவே வேண்டாம். கம்ப்ரசரும் தாமிரக் குழாயும் இருக்கிற கனமான பாதி வெளியேதான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கி, ஆள் வைத்துத் தூக்கி, நாமேதான் அதைச் சுவருக்கு வெளியே வைக்கிறோம்.

எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில், நந்திவரம் பக்கம். 2025 ஏப்ரல் கடைசியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். போனதுதான் போனோம் என்று உறவுக்காரர் வீடுகளையும் கோயில்களையும் பார்த்துவிட்டு, அக்கினி நட்சத்திரம் தொடங்கிய கையோடு திரும்பினோம். மதியம் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் கொதிக்கிறது. பையைக்கூடப் பிரிக்காமல் படுக்கையறை ஏ.சி.யைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. மடல் திறந்தது. காற்று வந்தது. குளிர்தான் வரவில்லை.

"கேஸ் தீர்ந்திருக்கும்" என்றாள் மனைவி. ஏ.சி. குளிரவில்லை என்றால் நம் ஊரில் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். அந்தச் சூட்டுக் காற்றின் கீழே உட்கார்ந்து, இதோ குளிரும் அதோ குளிரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தோம். தண்ணீர் மோட்டார் போடப் பின்பக்கம் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். "ஏங்க, அவுட்டோர் எங்கங்க?"

சன்ஷேடு மேல் நான்கு ரப்பர் துண்டுகள் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் ஒன்பது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்த இயந்திரம் இல்லை. சுவரிலிருந்து இரண்டு தாமிரக் குழாய்கள், ஒன்று கால் இஞ்ச், ஒன்று அரை இஞ்ச், முனை நசுங்கி நீட்டிக்கொண்டிருந்தன. அரை இஞ்ச் குழாயின் வாயிலிருந்து ஒரு கறுப்புக் கோடு சுண்ணாம்புச் சுவரில் கீழே வரை இறங்கியிருந்தது. தொட்டால் எண்ணெய். கேஸோடு சேர்ந்து ஓடுகிற கம்ப்ரசர் ஆயில் வழிந்து, அதில் தூசு ஒட்டி, கோடாகிவிட்டது. பக்கத்தில் ஒரு மின்கம்பி அறுந்து தொங்கியது, மூன்று கம்பிகளும் செம்பு தெரிய.

மெக்கானிக்குக்குப் போன் செய்து இதையெல்லாம் வர்ணித்துக்கொண்டிருந்தேன். அவர் திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சார், உள்ள ஏ.சி. ஓடுதா இப்ப? மொதல்ல ஆஃப் பண்ணுங்க. எம்.சி.பி.யையும் எறக்கிடுங்க. அந்த வயர் பக்கம் யாரும் போகாதீங்க."

பிறகுதான் புரிந்தது. எங்களுடையது பழைய மாடல். அதில் உள்ளே இருக்கிற யூனிட்தான் வெளியே இருக்கிற கம்ப்ரசருக்கு மின்சாரம் அனுப்பும். ரிமோட்டை அழுத்தி மூன்று நிமிஷத்தில் உள்ளே ரிலே ஒன்று 'டிக்' என்று விழும். 230 வோல்ட் அந்தக் கம்பி வழியாக வெளியே போகும். கம்ப்ரசர் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. நாங்கள் குளிருக்காகக் காத்திருந்த நேரம் முழுக்க, துணி காயப்போடுகிற கொடிக்கு ஒரு முழம் தள்ளி, கரண்ட் பாயும் கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. திருட்டால் போன பணத்தை எண்ணி எனக்குத் தூக்கம் கெடவில்லை. அந்தக் கொடியை எண்ணித்தான் கெட்டது.

அவுட்டோர் எப்படி அந்தச் சன்ஷேடுக்குப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 2014-இல் வாங்கியபோது அது பின்பக்கத் தரையில், செங்கல் அடுக்கின் மேல்தான் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மகாலட்சுமி நகர்ப் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் வாசற்படியை நக்கிவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்ததும் செய்த முதல் வேலை அவுட்டோரைத் தூக்கிச் சன்ஷேடில் வைத்தது. தண்ணீருக்கு எட்டாத உயரம் அது. பின்பக்கம் காலி மனை. இடையில் காம்பவுண்டுச் சுவர். அதன் மேல் ஒருவன் ஏறி நின்றால் சன்ஷேடு சரியாக இடுப்பளவுக்கு வரும். வெள்ளத்துக்குப் பயந்து, தரையில் கிடந்ததை எடுத்து ஒரு மேஜை மேல் வைப்பது போலத் திருடனுக்கு எடுத்து வைத்திருக்கிறோம்.

தெரு கூடியது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர் என்று எங்கே திரும்பினாலும் கட்டட வேலைதான். எங்கள் தெருவிலும் இரண்டு இடத்தில் நடக்கிறது. கூடியவர்கள் சொல்லி வைத்தாற்போல அங்கே தங்கியிருக்கிற வடமாநிலப் பையன்களைக் காட்டினார்கள். நான் சன்ஷேடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நட்டு நான்கும் ஸ்பேனரால் பதமாகக் கழற்றப்பட்டு, வாஷரோடு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவசரக் கையின் வேலை இல்லை அது. தொழில் தெரிந்த கை. அந்தக் கை பேசுகிற பாஷை என்ன என்று நட்டைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஆனால் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. அன்று சாயங்காலம் அந்தப் பையன்களில் ஒருவன் எங்கள் வாசலில் நின்று, தெரிந்த தமிழில், "நாங்க எடுக்கலண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. பார்த்த பார்வையே போதுமாக இருந்திருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். 2022 ஜனவரியில் தாம்பரம் ஆணையரகம் வந்ததிலிருந்து எங்கள் ஊர் அதன் கீழ். உட்கார வைத்துப் பொறுமையாகவே கேட்டார்கள். "பில் இருக்கா சார்?" இருந்தது. நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். பல் டாக்டர் பில்லைக்கூட ஃபைலில் போடுகிறவன். "அவுட்டோர் சீரியல் நம்பர்?" இல்லை. இண்டோருக்கு ஒரு நம்பர், அவுட்டோருக்கு ஒரு நம்பர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பில்லில் இருந்தது இண்டோர் நம்பர். அவுட்டோர் நம்பர் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டில் இருந்தது. தகடு அவுட்டோரோடு போய்விட்டது. எழுத்தர் பேனாவை ஒரு கணம் நிறுத்தி, "அப்ப கெடைச்சாலும் இது உங்களோடதுன்னு எப்படி சார் சொல்லுவீங்க?" என்றார். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். இதைப் படிக்கிறவர்கள் பத்திரிகையை வைத்துவிட்டு இப்போதே போய் அந்தத் தகட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். நான் காத்திருக்கிறேன்.

வீட்டுக் கடன் வாங்கியபோது போட்ட இன்ஷூரன்ஸ் நினைவுக்கு வந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கிறோமே, ஆபத்துக்கு உதவாதா? பாலிசியை எடுத்துப் படித்தேன். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் வீட்டுக்கு ஒரே மாதிரியாக விற்க வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' அது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உண்டு. திருட்டும் உண்டு, எப்படியென்றால், அந்தத் தீயோ வெள்ளமோ வந்து, அதைத் தொடர்ந்து ஏழு நாளைக்குள் திருடுபோனால். வெறும் திருட்டுக்கு வேறு பாலிசி எடுத்திருக்க வேண்டும். அதாவது, 2015 வெள்ளம் வடிந்த வாரத்தில் அந்தத் திருடன் வந்திருந்தால், இப்படி ஒரு பாலிசியும் அப்போது இருந்திருந்தால், இழப்பீடு கிடைத்திருக்கலாம்.

சரி, போனது போகட்டும், ஒரு அவுட்டோர் மட்டும் வாங்கி மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். டயர் போனால் டயர் மாற்றுகிறோம், முழு பைக்கையா மாற்றுகிறோம்? மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"உங்களோடது இருபத்திரண்டு கேஸ் சார். அந்த கேஸ்ல இப்ப புது வண்டியே வர்றதில்ல."

எல்லா இயந்திரமும் அவருக்கு வண்டிதான். அவர் சொன்னதன் பின்னணி இது. ஆர்-22 என்கிற அந்த கேஸ் ஓசோன் படலத்தை அரிக்கும். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் உலகம் முழுக்க அதைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். புது ஏ.சி. தயாரிப்பில் அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2024 டிசம்பரோடு முடித்துக்கொண்டது. என் அவுட்டோர் போனது அதற்கு அடுத்த கோடையில். பழைய இயந்திரங்களுக்கு நிரப்ப கேஸ் கிடைக்கிறது. புது இயந்திரம்தான் கிடைக்காது. திருடன் குழாயை வெட்டியபோது எங்கள் சுவரோரம் 'புஸ்' என்று போனது ஒரு கிலோ அளவு என்று வைத்துக்கொண்டால், காற்று மண்டலத்தைச் சூடாக்குவதில் அது ஏறத்தாழ 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போய்க் காரின் புகையை மிச்சம் பிடித்தோம் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப முப்பத்திரண்டு கேஸ் அவுட்டோர் வாங்கி இந்த இண்டோரோட சேர்த்தா?"

"சேராது சார்."

ஏன் சேராது என்று அவர் தரையில் உட்கார்ந்து, என் பழைய பாலிசிக் கவரின் பின்புறம் படம் போட்டுக் காட்டினார். முப்பத்திரண்டு, அதாவது ஆர்-32, பழைய கேஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடுவது. பழைய இண்டோரின் காயில் அந்த அழுத்தத்துக்காகச் செய்ததல்ல. இரண்டாவது, ஆயில். பழைய கம்ப்ரசர் ஓடியது மினரல் ஆயிலில். புதியது ஓடுவது செயற்கை ஆயிலில். இண்டோர் காயிலின் மடிப்புக்குள் தங்கியிருக்கிற பழைய ஆயில் புதியதோடு ஒட்டாது. மூன்றாவது, இப்போது வருகிற இன்வர்ட்டர் மாடல்களில் உள்ளே ஒரு போர்டும் வெளியே ஒரு போர்டும் கம்பி வழியாகப் பேசிக்கொண்டே இருக்கும். பேச்சு நின்றால் இயந்திரம் நின்றுவிடும். "ஜோடி மாத்துனா பேசாது சார்" என்றார். அவர் கணக்குப்படி, சுவரில் புத்தம் புதிதாகத் தெரிகிற என் இண்டோர் அன்றைக்கே விதவை.

எங்களுடையது ஒன்றரை டன். அந்த டன் எடைக்கணக்கில்லை, வெப்பக்கணக்கு. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. சென்னைக்கு இது புதிய கணக்கும் இல்லை. பாஸ்டனிலிருந்து ஃபிரெடெரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்கத்தான் 1842-இல் மெரினா கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்து மதராஸின் அவுட்டோர் பாஸ்டனில் இருந்தது என்று சொல்லலாம். கடல் தாண்டி வந்து எவனும் அதைக் கழற்ற முடியாது. இப்போது அது சன்ஷேடில் உட்கார்ந்து, அறையிலிருந்து இழுத்த வெப்பத்தையும் தன் கம்ப்ரசர் வெப்பத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஏழு கிலோவாட்டைத் தெருவில் கொட்டுகிறது. குளிர்விக்கிற வேலை முழுக்க அதனுடையது. பெயர் மட்டும் உள்ளே மாட்டியிருக்கிற வெள்ளைப் பெட்டிக்கு.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அனுபவம் என்று எழுத உட்கார்ந்துவிட்டு இதை விட்டால் மற்றதெல்லாம் வெறும் ஏ.சி. கதை.

புதிது வாங்கினால் முப்பத்தெட்டாயிரம், ஃபிட்டிங் தனி. மே மாதத்தில், கல்யாணச் செலவு முடிந்த கையோடு. நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். "இருபத்திரண்டு கேஸ் அவுட்டோர் செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குமே, தெரிஞ்ச ஆள் இருக்கான்" என்றார். சாயங்காலமே வாட்ஸப்பில் படம் வந்தது. ஒன்றரை டன். வேறு கம்பெனி, ஆனால் அதே கேஸ், பழைய ரகம், என் இண்டோரோடு சேர்ந்துவிடும். ஆறாயிரம். பில் கிடையாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வீட்டுக்காரர் தன் ஏ.சி.யை விற்கும்போது மெக்கானிக் என்ன செய்வார் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. இயந்திரத்தை ஓடவிட்டு ஒரு வால்வை மூடி, கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டுவார். பம்ப் டவுன் என்பார்கள். பிறகு பித்தளை நட்டைக் கழற்றிக் குழாயைப் பிரித்து, வால்வுக்கு மூடி போடுவார். கேஸும் மிச்சம், குழாயும் மிச்சம். கரண்ட் இருந்தால்தான் பம்ப் டவுன் செய்ய முடியும். வீட்டுக்குள் ரிமோட்டை அழுத்த ஆள் வேண்டும். இருட்டில் காம்பவுண்டுச் சுவர் மேல் நிற்கிறவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் குழாயை வெட்டுவான்.

படத்தில் இருந்த அவுட்டோரின் வால்வில் நட்டு அப்படியே இருந்தது. நட்டிலிருந்து இரண்டு குழாய்கள், ஒன்று கால் இஞ்ச், ஒன்று அரை இஞ்ச், முனை நசுங்கி ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. அதன் மறுபாதி எந்தச் சுவரில் எப்படி நீட்டிக்கொண்டிருக்கும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

பார்த்தேன். புரிந்தது. புரிந்த பிறகு, "கடைசியா எவ்வளவுக்குத் தருவார்?" என்று பதில் அனுப்பினேன். ஐயாயிரத்து ஐந்நூறுக்கு வந்தது.

என்னைத் தடுத்தது மனசாட்சி என்று எழுத ஆசைதான். தடுத்தவர் மெக்கானிக். படத்தைக் காட்டினேன். அவரும் முதலில் குழாயைத்தான் பார்த்தார். ஆனால் அவர் சொன்னது வேறு. "கேஸ் போயி எத்தன நாளாச்சோ. தொறந்து கெடக்குது சார். நம்ம ஊரு காத்துல ஈரம் உள்ள போயிருக்கும். ஆயில் கெட்டிருக்கும். மாட்டுறேன், ஓடும். ஆறு மாசத்துல கம்ப்ரசர் ஜாம் ஆச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது." ஆறு மாசக் கணக்கில்தான் நான் அந்த ஐயாயிரத்து ஐந்நூறை விட்டேன். இரண்டு வருஷம் ஓடும் என்று அவர் சொல்லியிருந்தால்? தெரியவில்லை என்று சொன்னால் பொய்.

ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது சட்டைப் பையில் இருக்கும்போதே இந்தப் பேரம் நடந்தது. அந்தப் படத்தை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நண்பர் மனஸ்தாபப்படுவார், அந்த 'தெரிஞ்ச ஆள்' யாரோ, நமக்கேன் வம்பு என்று விட்டேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குகிறவனை மட்டும் சொல்லவில்லை. அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்குகிறவனையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மூன்று வருஷம் வரை. நசுங்கிய குழாய் முனையைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்?

திருட்டு எப்படி நடக்கிறது என்று ஆளாளுக்குப் பேசுகிறோம். விற்பனை எப்படி நடக்கிறது என்று பேசுவதில்லை. அமெரிக்காவில் வீடுகளுக்குச் சென்ட்ரல் ஏ.சி.; அதன் வெளிப் பாதி பின்தோட்டத்தில் சிமெண்டுத் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். 2008 பொருளாதாரச் சரிவில் கடன் கட்ட முடியாமல் ஜனங்கள் விட்டுப்போன வீடுகளில் முதலில் காணாமல் போனவற்றில் அதுவும் ஒன்று. அந்த வருஷம் எஃப்.பி.ஐ. தாமிரத் திருட்டைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதன் பிறகு அங்கே மாநிலம் மாநிலமாகப் பழைய உலோகக் கடைக்காரர்களுக்குக் கட்டுப்பாடு வந்தது: விற்கிறவனின் அடையாள அட்டையைக் குறித்துக்கொள், கணக்கு வை. பிரிட்டன் 2013-இல் கொண்டுவந்த சட்டம் இன்னும் எளிது. பழைய உலோகத்துக்கு ரொக்கமே கொடுக்கக் கூடாது. வங்கி வழியாகக் கொடுத்தால் பெயர் தெரிந்துவிடும்; பெயர் தெரியுமென்றால் திருடன் வர மாட்டான். நம் காயலான் கடையில் தராசு இருக்கிறது, ரொக்கம் இருக்கிறது. யாருடையது என்று கேட்கிற வழக்கம் இல்லை. கேட்காததில் கடைக்காரர் மட்டும் பங்குதாரர் இல்லை என்பதை அந்த வாட்ஸப் பேரத்துக்குப் பிறகு சொல்ல எனக்கு உரிமை உண்டு.

புது ஏ.சி.யே வாங்கினோம். மூன்று ஸ்டார், ஆர்-32, இன்வர்ட்டர். ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கேட்டால், "ரெண்டும் இருக்கணும் சார், இண்டோர் மட்டும் எடுக்க மாட்டோம்" என்றார்கள். நாங்கள் வாங்கியபோது ஏ.சி.க்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. அதே வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி அது 18 ஆனது. எடுப்பதுதான் எடுத்தான், ஒரு நாலரை மாதம் பொறுத்து எடுத்திருக்கலாம்.

எங்கே வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. தரையில் வைத்தால் தண்ணீர். சன்ஷேடில் வைத்தால் காம்பவுண்டுச் சுவர். மொட்டை மாடியில் வைத்தால் குழாய் நீளம்; கம்பெனி நிரப்பி அனுப்புகிற கேஸ் குறிப்பிட்ட நீளத்துக்குத்தான், அதற்கு மேல் போனால் கேஸ் கூட்ட வேண்டும், தாமிரக் குழாய் மீட்டர் கணக்கில் தனிக் காசு. போதாததற்கு மாடியில் மதியம் முழுக்க வெயில். முன்வாசல் பக்கம் வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும், திருட முடியாது. ஆனால் சூட்டுக் காற்று வருகிறவர்கள் முகத்தில் அடிக்கும் என்று மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. யாருக்கும் எட்டாமல் பக்கச் சுவரின் நடுவில், பிராக்கெட் போட்டுத் தொங்கவிடலாம் என்றேன் நான்.

"எனக்கும் எட்டாதே சார்" என்றார் மெக்கானிக்.

அந்தப் பேச்சில் நான் யோசிக்காமல் விட்டது அது ஒன்றுதான். சென்னையிலும் புறநகரிலும் அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்தால் ஆறாவது மாடியில், எட்டாவது மாடியில், சுவரில் ஒரு பிராக்கெட்டில் அவுட்டோர் தொங்கும். அதை அங்கே மாட்டியவன் ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே போட்டு, இன்னொரு காலைப் பைப்பில் ஊன்றித்தான் மாட்டியிருப்பான். சர்வீஸுக்கும் அப்படித்தான் போவான். கயிறு கட்டியவனை நான் பார்த்ததில்லை. கட்டடம் வரைகிறவர்கள் அவுட்டோருக்கு இடம் விடுகிறார்கள், அதைத் தொடப் போகிறவனுக்கு விடுவதில்லை. திருடனுக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைப்பதென்றால், வருஷத்துக்கு இரண்டு முறை வருகிற ஒருவரை நாமே அந்தரத்தில் நிறுத்துகிறோம்.

கடைசியில் பழைய சன்ஷேடுதான். சுற்றி இரும்புக் கூண்டு. நெல்லிக்குப்பம் சாலை வெல்டிங் பட்டறைக்காரர் பெட்டி போல நெருக்கக் கம்பி போட்டுத் தரத்தான் அளவெடுத்தார். மெக்கானிக் தடுத்தார். அவுட்டோர் பின்னாலிருந்து காற்றை இழுத்து முன்னால் தள்ளுவது. பின்னால் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். முன்னால் இரண்டு மூன்று அடிக்கு ஒன்றும் மறைக்கக் கூடாது. நெருக்கமாக அடைத்தால், தள்ளிய சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும்; கம்ப்ரசர் திணறும்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற இ.பி. பில்லில் அது தெரியும். அகலக் கண்ணி வைத்து, அடியில் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறக்கி, பக்கத்தில் சர்வீஸுக்குக் கதவும் பூட்டும் வைத்துச் செய்தார்கள். சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது.

மாட்டிய நாளைச் சொல்ல வேண்டும். குழாய் இழுத்து, முனையை விரித்து நட்டுப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம். பழைய குழாயையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். வாய் திறந்து கிடந்த குழாய், உள்ளே ஈரம், அதுவும் மெல்லிசு, புது கேஸின் அழுத்தத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார். பிறகு ஒரு சின்ன பம்பைக் கொண்டுவந்து வால்வில் மாட்டி, குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்ச விட்டுவிட்டு, சன்ஷேடு ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். வேக்கம் போடுவது என்பது இதுதான். குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரசரின் செயற்கை ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். பம்ப் கர்கர் என்று ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க ஒன்றும் நடக்காதது போலத்தான் இருந்தது. "சீசன்ல ஒரு நாளைக்கு ஆறு ஃபிட்டிங் சார். நெறைய பேர் இத போடறதில்ல. அவுட்டோர் கேஸையே கொஞ்சம் தொறந்துவிட்டு காத்த வெளிய தள்ளிட்டுப் போயிடுவாங்க. அன்னிக்கு நல்லா குளிரும். முப்பத்திரண்டு லேசா பத்திக்கிற கேஸ் வேற." ஸ்டார் எத்தனை, பிராண்டு எது, ஸ்மார்ட்போனில் இயக்கலாமா என்று ஷோரூமில் அவ்வளவு நேரம் கேட்டோம். இந்த பம்ப் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த இயந்திரத்தின் ஆயுசை முடிவு செய்தது அவர் டீ குடித்த அந்த நேரம்தான் என்பது என் அபிப்பிராயம்.

பம்பை நிறுத்தி மீட்டர் முள் அசைகிறதா என்று கொஞ்சம் பார்த்துவிட்டு, அலென் கீயால் வால்வைத் திறந்தார். உள்ளே மனைவி ரிமோட்டை அழுத்தினாள். அவுட்டோர் தகட்டை மூன்று கோணத்தில் படம் எடுத்தேன். மெக்கானிக் சிரித்தார்.

பழைய இண்டோர் ஹாலில் சாக்கு போர்த்திக் கிடந்தது. மழைக்காலத்தில் மெக்கானிக்கே போன் செய்தார். ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் இண்டோர் காயில் லீக்காம். அதே கம்பெனி, அதே இருபத்திரண்டு கேஸ், அவுட்டோர் நன்றாக ஓடுகிறதாம். வந்து பார்த்தார்கள். ஆயிரத்து இருநூறுக்குப் பேசி முடித்தோம். நான் ஒரு வெள்ளைத் தாளில் மாடல், இண்டோர் சீரியல் நம்பர், தொகை, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழைய பில்லின் ஜெராக்ஸும் சி.எஸ்.ஆர். ஜெராக்ஸும் பின் அடித்துக் கொடுத்தேன்.

வாங்க வந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய சாமானுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?"

"வச்சுக்குங்க."

"சரி, ரிமோட்டு இருக்கா?"